சொல்லாயி விழுங்கிய வார்த்தை

அந்தக் காலத்தில் ஆடு, மாடு, கோழி, கழுதை எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. இருந்து என்ன பிரயோசனம்? சேவல் கூவி எழுப்பியதோடு விடாமல், "இந்நேரம் வரைக்கும் என்ன தூக்கம்?" என்று திட்டவும் செய்தது. எருமை குளத்துக்குள் கிடந்துகொண்டே வெயிலைப் பற்றிப் புலம்பியது. மனிதர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலையில் திறந்த வாயைப் படுக்கப் போகும்வரை மூடுவதில்லை. இவ்வளவு பேச்சு நடந்த உலகத்தில், நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் ஒரு பல்லி. பெயர் சொல்லாயி.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில், சாவடிச் சுவரில் அவள் குடியிருந்தாள். ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து வம்பும் வழக்கும் பேசுகிற இடம் அந்தச் சாவடி. சுவரில் ஒட்டிக் கிடக்கிறவளுக்கு வேறென்ன வேலை? கீழே நடப்பதையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மனிதன் எப்போது பொய் சொல்வான், எப்போது வயிறெரிவான், எதைச் சொன்னால் வாயடைத்துப் போவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் ஒரு வார்த்தையைப் போட்டுவைத்தாள். சாவடியே குலுங்கிச் சிரித்தது. அதோடு பிடித்தது அவளுக்குச் சனி.

அன்றிலிருந்து யாருக்கு என்ன என்றாலும், "வா, சொல்லாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்று கிளம்பி வந்தார்கள். வயலில் வரப்புத் தகராறு என்று மூக்கன் வந்தான்.

"வரப்பை விட்டவன் வயலையும் விடுவான்" என்றாள் சொல்லாயி.

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். அவன் தலை மறைந்ததும் அவன் தம்பி சுடலை வந்தான். வழக்கு அதே வரப்புதான்.

"வரப்பையே பார்த்து நின்றவன் அறுப்பைப் பார்க்கமாட்டான்" என்றாள் அவனிடம்.

அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். சாயங்காலம் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அடித்துக்கொண்டார்கள். இரண்டும் அவள் வார்த்தை. இரண்டும் உண்மையும்கூட. அதுதான் கொடுமை.

பால் குடித்து மாட்டிக்கொண்ட பூனைகூட வந்தது. "உறி தாழ இருந்தா பூனை என்ன பண்ணும்னு கேளு, போ" என்று சொல்லி அனுப்பினாள். அது மீசையை நக்கிக்கொண்டே போய் அப்படியே கேட்டது. வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் அடி மிச்சம்.

இப்படியே எத்தனை வருஷம் போயிற்றோ. சொல்லாயிக்கு அலுத்துப் போய்விட்டது. ஐயோ, சாதாரண அலுப்பா அது! எலும்புவரை அலுப்பு. வருகிறவர்கள் யாரும் மனதில் இருப்பதை முழுசாகச் சொல்வதில்லை. சொன்னாலும் இவளுக்குக் கேட்கப் பொறுமை இல்லை. பாதி கேட்கும்போதே வார்த்தை நாக்கில் வந்து நின்றுவிடும். அதைப் போட்டால் வந்தவன் போய்விடுவான். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடக்கலாம். போகப் போக, வார்த்தை சொல்வதே ஆளைக் கிளப்பிவிடுவதற்கு என்று ஆகிவிட்டது. அது வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது வார்த்தை.

சாவடியின் கீழ்ப்படியில் கருவாயன் என்று ஒரு நாய் படுத்திருக்கும். "சொல்லாயி, நீ இப்பல்லாம் யார் மூஞ்சியையும் பாக்கறதே இல்லை" என்று அது ஒருநாள் சொன்னது.

"எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்டா. நீ தூங்கு" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ஐப்பசி மழை பிடித்தது. மலையில் பெய்து ஆற்றில் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நாள், பொழுது சாயும் நேரத்தில் மாடத்தி சாவடிக்கு வந்தாள். மண் சுமந்து பிழைக்கிறவள். அவளுக்கும் அவள் புருஷன் கொம்பையாவுக்கும் ஒரே பிள்ளை, செண்பகம். அந்தப் பிள்ளையைத்தான் தோளில் போட்டு, முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

சாவடியில் அன்றைக்கு நல்ல கூட்டம். மழைக்கு ஒதுங்கினவர்கள் பாதி, சும்மா வந்தவர்கள் பாதி. காலையிலிருந்து ஒரு மாமியார் மருமகள் சண்டைக்கு வார்த்தை சொல்லிச் சொல்லிச் சொல்லாயிக்கு நாக்கு வறண்டு போயிருந்தது.

"அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றாள் மாடத்தி. "வைத்தியர் அக்கரையில இருக்காரு. தண்ணி ஏறுது. இருட்டறதுக்குள்ள பரிசல்ல போயிட்டா போயிரலாம்னு எனக்குத் தோணுது. அவரு என்னடான்னா, ராத்திரி பாத்துட்டுக் காலையில போவோம்ங்கறாரு. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. நீ ஒரு வார்த்தை சொல்லுக்கா. நான் போகவா, இருக்கவா?"

அவள் கேட்டது ஒரு பதில். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை. சொல்லாயி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பிள்ளையின் தலை தொங்கிக் கிடந்ததைப் பார்த்திருப்பாள். 'காய்ச்சல்' என்று காதில் விழுந்ததுமே நாக்கில் ஒன்று வந்துவிட்டது. நல்ல வேடிக்கையான வார்த்தை. அவளுக்கே சிரிப்பு வந்தது.

"பிள்ளைக் காய்ச்சல் கூப்பிடாத விருந்தாளி. கண்டுக்கிடாம இருந்தா அதுவா கிளம்பிரும்."

கொல்லென்று சிரித்தது சாவடி. ஒருத்தன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "என் மச்சினனுக்கும் இது பொருந்தும்ல!" என்றான் இன்னொருத்தன். அதற்கு இன்னும் ஒரு சிரிப்பு. மாடத்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளும் சிரித்தாள். ஊரே சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பது? அதற்குமேல் அவள் ஆற்றுப் பக்கம் போனால், 'விருந்தாளியைத் தோள்ல தூக்கிட்டுப் போறா பாரு' என்று கரை முழுக்கக் கேலி பேசுவார்கள். பிள்ளையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டு, மழையோடு மழையாக வீட்டுக்கு நடந்தாள்.

கூட்டம் கலையத் தொடங்கியதும் கருவாயன் தலையைத் தூக்கியது.

"சொல்லாயி, அந்தப் பிள்ளைக்கு அனலா அடிச்சுது. எனக்குப் படியில படுத்திருக்கும்போதே வாடை தெரிஞ்சுது. சாதாரணக் காய்ச்சல் வாடை இல்லை அது."

சொல்லாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதை அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"எல்லாரும் சிரிச்சீங்க. நானும் வாலை ஆட்டிட்டேன்" என்றது நாய்.

அப்போதாவது அவள் போயிருக்கலாம். மாடத்தி தெருமுனையைத்தான் தாண்டியிருப்பாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். 'ஏ மாடத்தி, நான் சொன்னதை விடு, நீ கிளம்பு' என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை அவளுக்கு. இன்றைக்கு ஒன்றை வாங்கினால் நாளைக்கு மூக்கன் வருவான், சுடலை வருவான், சொன்னதையெல்லாம் மாற்றிச் சொல்லு என்பான். அதுவும் இவ்வளவு சிரித்த வார்த்தையை! அலுப்பு வேறு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு உத்தரத்தின் இடுக்கில் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் ஆறு கரை தொட்டு ஓடியது. பரிசல்காரன் முடியாது என்று கும்பிட்டுவிட்டான். கொம்பையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையில் அங்கும் இங்கும் ஓடிப் பார்த்தான், கத்திப் பார்த்தான். வெயில் ஏறுவதற்குள் செண்பகம் போய்விட்டாள்.

சேதி சாவடிக்கு வந்தபோது சொல்லாயி சுவரில் இருந்தபடியே வெளுத்துப் போனாள். இப்போது எல்லாரும் தன்மேல் பாயப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். பாய்ந்தால் தேவலை என்றுகூட இருந்தது. ஒருத்தரும் பாயவில்லை.

"வார்த்தையில என்னய்யா தப்பு? நல்ல வார்த்தைதான். இந்தக் காய்ச்சல்தான் வேற மாதிரி வந்திருச்சு" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அன்றைக்கே ஒருத்தன் தன் காளைக்குச் சளி பிடித்ததைப் பற்றிப் பேசும்போது, "அது கெடக்கு, கூப்பிடாத விருந்தாளி" என்றான். அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள். பிள்ளை மண்ணுக்குள் போய்விட்டது. அவள் வார்த்தை ஊருக்குள் சௌக்கியமாக நடமாடிக்கொண்டிருந்தது.

மாடத்தி அழவில்லை. சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் அது ஆறி ஏடு கட்டிக் கிடந்தது. அவள் அழாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அழலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது துக்கம் கேட்க வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் சும்மாவா வருவார்கள்? ஆளுக்கொரு வார்த்தையோடு வந்தார்கள்.

"செடி இருந்தா பூ மறுபடியும் பூக்கும், தாயி."

"வந்த வழியைக் கேட்டோமா, போற வழியைக் கேக்கறதுக்கு?"

எல்லாமே சொல்லாயி எந்தக் காலத்திலோ யாருக்கோ சொன்னவை. சொல்லிவிட்டு, ஒரு பெரிய காரியத்தை முடித்ததுபோல் மூச்சு விட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். மாடத்தி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய கண் கல்லாகிக்கொண்டே வந்தது. யாரையும் அடையாளம் தெரியாததுபோல் பார்க்கத் தொடங்கினாள். புருஷனையும் அப்படித்தான் பார்த்தாள். கொம்பையா பயந்துபோய்ச் சாவடிக்கு ஓடி வந்தான்.

"சொல்லாயி, நீ வீட்டுக்கு வரணும்" என்றான். "அவ அழணும். அழாம இப்படியே விட்டா அவளுக்குப் புத்தி பிசகிப் போயிரும், இல்லைன்னா உசுரே போயிரும். பிள்ளை போயிட்டா. இவளும் போயிட்டா நான் எங்க போவேன்? அவளை அழ வைக்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு. உன்னால மட்டும்தான் முடியும்."

"என்கிட்ட வார்த்தை இல்லை கொம்பையா. என்னை விட்டுரு."

"நீயே இப்படிச் சொன்னா நாங்க யார்கிட்டப் போறது?"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். பல்லியைக் கும்பிடுகிற அளவுக்கு ஒரு மனிதன் உடைந்து நிற்பதைப் பார்க்க முடியாமல் சொல்லாயி சுவரை விட்டு இறங்கினாள். அவள் சாவடியை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. தெருச்சுவரோடு சுவராக அவள் ஊர்ந்து போக, பின்னாலேயே ஊரும் போனது. எப்படிப்பட்ட வார்த்தை சொல்லப் போகிறாளோ என்று ஆவல். நாளைக்கு நாலு இடத்தில் சொல்ல வேண்டுமே.

கூரைக்குக் கீழே, மண்சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள் சொல்லாயி. வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. மாடத்தி மெல்ல அண்ணாந்து பார்த்தாள்.

"வா அக்கா. நீ ஒருத்திதான் பாக்கி. சொல்லு. சொல்லிட்டுப் போ."

அப்போதுதான் வந்தது அந்த வார்த்தை. சத்தியமாக, கூப்பிடாமலே வந்தது. சாவைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, பெற்றவர்களைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற வார்த்தை. அவள் வாழ்நாளில் அப்படி ஒன்று வந்ததில்லை. அது மட்டும் வெளியே வந்திருந்தால், உலகம் உள்ளவரைக்கும் எந்தச் சாவு வீட்டிலும் அதைச் சொல்லாமல் யாரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள். நாக்கின் நுனியில் அது தித்தித்தது. வாசலில் நின்ற கழுத்துகளெல்லாம் நீண்டன.

சொல்லாயி வாயைத் திறந்தாள். திறந்தவள், எத்தனையோ காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, எதிரில் இருக்கிற முகத்தைப் பார்த்தாள். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, யார் எதை எறிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த முகம். ஐயோ, இதன்மேல் இன்னொன்றையா எறிவது?

வாயை மூடினாள். வார்த்தையை விழுங்கினாள். லேசில் இறங்கவில்லை. அவ்வளவு பெரிய வார்த்தை தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டது. இன்னும் ஒரு தரம் விழுங்கினாள். அது அசையவே இல்லை. மேலே இருப்பதும் இறங்கவில்லை, கீழே இருப்பதும் ஏறவில்லை.

"என்ன, சொல்ல மாட்டேங்கறே?" என்றாள் மாடத்தி. அவளும் இப்படி ஒரு மௌனத்தை எதிர்பார்க்கவில்லை. அது அவளை என்னவோ செய்தது. தானாகவே பேசத் தொடங்கினாள். "ராத்திரி பூரா கொதிச்சுதுக்கா. துணியை நனைச்சுப் போடப் போட உடனே காஞ்சு போச்சு."

வாசலில் ஒருத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் தலையில எழுதினபடி—" என்று தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ச்சு."

யாராவது கஷ்டத்தைச் சொல்லும்போது, மனது தாளாமல், நாக்கை மேலண்ணத்தில் வைத்து நாம் உச்சுக் கொட்டுவோமே, அந்தச் சத்தம். அடைபட்ட தொண்டையிலிருந்து அது ஒன்றுதான் வெளியே வந்தது. செருமினவள் அடங்கிவிட்டாள். மாடத்தி சுவரைப் பார்த்தாள்.

"ஆமாக்கா. விடியுறதுக்கு முன்னாடி தண்ணி கேட்டா. ஒரு வாய் குடிச்சா. அப்புறம் என் மூக்கைப் பிடிச்சுச் சிரிச்சா. சரி, விட்டிருச்சுன்னு நினைச்சேன்."

"ச்சு."

"இங்கதான் படுத்திருந்தா." மாடத்தி தனக்குப் பக்கத்தில் இருந்த தரையை விரலால் தட்டிக் காட்டினாள். "இங்கதான், இந்த இடந்தான்." தட்டிக்கொண்டே இருந்தாள். குரல் உடைந்தது. "நானும் சிரிச்சிட்டேனேக்கா. அன்னைக்குச் சாவடியில எல்லார் கூடயும் நானும் சேர்ந்து சிரிச்சிட்டேனே. பிள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டுச் சிரிச்சிட்டேனே!"

சொல்லாயி பதறினாள். 'நீ இல்லைடி, நான்தான். நான் கண்ணைத் திறந்துகூடப் பாக்கலை. தெருமுனையில உன்னைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடலை' என்று சொல்லத் துடித்தாள். காலில் விழுந்து சொல்லத் துடித்தாள். தொண்டை கிடுகிடுவென்று ஆடியது. ஒரு வார்த்தை வரவேண்டுமே!

"ச்சு, ச்சு, ச்சு."

மாடத்தி அந்த இடத்தைத் தட்டிக்கொண்டே குப்புற விழுந்து அழுதாள். ஊர் அதுவரை கேட்டிராத அழுகை. கொம்பையா ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அழுதான். வார்த்தை வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர்பின் ஒருவராக வீட்டுக்குப் போனார்கள். போன பிறகு கொம்பையா கஞ்சியைச் சூடு பண்ணிக் கொடுத்தான். மாடத்தி அதைக் குடித்தாள்.

சொல்லாயி அதன்பின் சாவடிக்குத் திரும்பவில்லை. திரும்பி என்ன செய்வது? மாடத்தி வீட்டுச் சுவரிலேயே இருந்துகொண்டாள். அவள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊரில் உள்ள மற்ற வீட்டுச் சுவர்களுக்குக் குடிபோனார்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லாயியிடம் வார்த்தை இல்லை. மாடத்தி மன்னித்தாளா என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும், அன்றன்றைக்கு நடந்ததை அவள் சுவரைப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

சாவடிக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். புது வார்த்தை சொல்ல ஆளில்லாததால் பழைய வார்த்தைகளையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில், சொன்னது யார் என்பதே மறந்துபோய், 'அந்தக் காலத்தில் சொல்லுவாங்க' என்று மட்டும் மிஞ்சியது. நாமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் கையில் ஒன்றைக் கொண்டுபோகிறோம். திருந்துகிற ஜென்மங்களா நாம்? அந்த 'ச்சு'வைக்கூட விட்டுவைக்கவில்லை. கிழக்கே சொன்னால் லாபம், மேற்கே சொன்னால் நஷ்டம் என்று பஞ்சாங்கத்தில் பலன் எழுதிவிட்டோம். பல்லியே சொல்லிவிட்டது, அப்படியானால் நாம் சொன்னது உண்மைதான் என்று சந்தோஷப்படுகிறோம். அவள் எங்கே சொன்னாள்? 'கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்' என்கிறாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு விழுங்கிய வார்த்தை இறங்காமல்தான் பல்லியின் தொண்டை இன்றைக்கும் அப்படித் துடிக்கிறது. நாம் வீட்டுக்குள் எதையாவது பேசிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து 'ச்சு' என்று கேட்டால், பேச்சை நிறுத்திவிட்டு, ஏனென்று தெரியாமலே விரலால் தரையைத் தட்டுகிறோமே, அதுவும் அன்று முதல்தான். அந்தப் பிள்ளை படுத்திருந்த இடத்தைத்தான் தட்டுகிறோம்.